ஒட்டுக்கேட்கும் உரிமையும் தட்டிக்கேட்கும் உரிமையும்

தெற்குக் கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் நாற்சந்தி எந்நேரமும் மனிதத் தலைகளால் நிறைந்திருக்கும். ஒருபுறம் சேலைக் கடைகள், மறுபுறம் மீன் சந்தை, நடைபாதை முழுவதும் சிறு வியாபாரிகள், மேம்பாலத்தின் அடியில் சதுரங்கப் பலகையைச் சுற்றி அமர்ந்திருப்போர் எனப் பல தரப்பு மக்களும் கூடுமிடம் அது. அங்கிருந்து மேற்கே சிறிது தொலைவில், தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதி இருக்கிறது. துர்கா பூஜைக் காலத்தில் கரியாஹாட்டில் நடக்கவும் இடமிருக்காது. இவ்வளவு பெரிய கூட்டத்தைக் காவல் துறையின் கண்காணிப்புக் கேமராக்கள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதை எவரும் குறையாகக் கூறுவதில்லை. திருடனைப் பிடிக்கவும், காணாமல்போன குழந்தையைக் கண்டுபிடிக்கவும் அவை உதவுகின்றன என்பதே பொதுவான எண்ணம். அந்த எண்ணத்தில் தவறும் இல்லை.

ஆனால், அந்தக் கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. ஒருவர் அங்கே நிற்கிறார் என்பதை மட்டுமே கேமரா சொல்லும். அவர் யாருடன் பேசினார், என்ன எழுதினார், எந்த மருத்துவரைப் பார்த்தார், எவருக்குப் பணம் அனுப்பினார், நேற்றிரவு எங்கே இருந்தார் என்ற அனைத்தையும் கைப்பேசி சொல்லிவிடும். அதைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அரசுக்கு வேண்டுமா என்று கேட்டால், சில நேரங்களில் வேண்டும் என்பதே பொறுப்பான பதிலாக இருக்க முடியும். அந்த அதிகாரத்துக்கு அனுமதி அளிப்பவர் யார், அளித்தது சரிதானா என்று ஆராய்பவர் யார், ஆராய்ந்த முடிவை மக்களுக்குச் சொல்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் நம் நாட்டில் இன்னும் விடை கிடைக்கவில்லை.

தேசப் பாதுகாப்பை எள்ளி நகையாடுவோர் பொறுப்பற்றவர்கள். 2008 நவம்பர் 26-ஆம் தேதி மும்பையில் தாக்குதல் நடத்திய பயங்கரவாதிகளுக்கு, எல்லைக்கு அப்பாலிருந்து தொலைபேசி வழியே ஆணைகள் வந்துகொண்டிருந்தன. அந்த உரையாடல்களை நமது அமைப்புகள் இடைமறித்துப் பதிவு செய்தன. சதித்திட்டம் எங்கிருந்து இயக்கப்பட்டது என்பதை நிறுவ அப்பதிவுகள் முக்கியச் சான்றாயின. 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் அவை இடம்பெற்றன. ஒற்றாடலுக்குத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. ஒற்றர் இல்லாத அரசு நிலைக்காது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதே அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. வேவு பார்ப்பதற்கும் ஒரு சரிபார்ப்பு தேவை என்ற இந்த இரண்டாவது பாடத்தை நாம் மறந்துவிட்டோம்.

மறந்ததன் விளைவைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. கரியாஹாட்டிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, எல்ஜின் சாலையிலும் வுட்பர்ன் பூங்காத் தெருவிலும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் குடும்பத்தினரின் இல்லங்கள் இருக்கின்றன. இந்தியா விடுதலை பெற்ற அடுத்த ஆண்டான 1948 தொடங்கி 1968 வரை இருபது ஆண்டுகள் அக்குடும்பத்தினர் உளவுத் துறையின் கண்காணிப்பில் இருந்தனர் என்ற உண்மை 2015-இல் வெளியான கோப்புகளால் தெரிய வந்தது. நேதாஜியின் அண்ணன் சரத் சந்திர போஸின் புதல்வர்கள் அமியநாத், சிசிர் குமார் ஆகியோர் எழுதிய, அவர்களுக்கு வந்த கடிதங்கள் பிரிக்கப்பட்டு நகலெடுக்கப்பட்டன. அவர்களின் பயணங்கள் குறித்துவைக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி மேற்கு வங்க அரசு தன்னிடமிருந்த 64 கோப்புகளைக் கொல்கத்தா காவல் துறை அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது.

நேதாஜியின் குடும்பத்தினரால் நாட்டுக்கு என்ன ஆபத்து நேர்ந்துவிடப் போகிறது? முதல் ஓராண்டில் ஏதோ ஐயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். பத்தாவது ஆண்டில்? பதினெட்டாவது ஆண்டில்? இருபது ஆண்டுகளில் பிரதமர்களும் முதலமைச்சர்களும் மாறினர். அதிகாரிகள் பலர் ஓய்வு பெற்றனர். ஆனாலும் கடிதம் பிரிக்கும் பணி நிற்கவில்லை. நிறுத்தலாமா என்று கேட்கும் கடமை சட்டப்படி வெளியார் எவருக்கும் இருக்கவில்லை. கண்காணிக்கப்பட்டவர்களில் பலர் உண்மை வெளிவரும் முன்பே மறைந்துவிட்டனர்.

கடிதங்களைப் பிரிக்கும் அதிகாரம் குறித்து நாடாளுமன்றம் ஒருமுறை சட்டம் இயற்ற முயன்றது. 1986-இல் இரு அவைகளிலும் நிறைவேறிய இந்திய அஞ்சலகத் திருத்த மசோதா, அந்த அதிகாரத்தை மேலும் விரிவாக்கியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் அளிக்காமலேயே பதவிக்காலத்தை முடித்துக்கொண்டார். அவருக்குப்பின் வந்த, தமிழகத்தைச் சேர்ந்த ஆர். வெங்கட்ராமன் 1990-இல் அம்மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். இறுதியில் 2002-இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஓர் அஞ்சலுறைக்காகக் குடியரசுத் தலைவர் மாளிகையே தயங்கி நின்ற காலம் அது.

தொலைபேசியைப் பொருத்தவரை, ஆங்கிலேயர் 1885-இல் கொண்டுவந்த தந்திச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவே நூறாண்டுகளுக்கு மேல் கோலோச்சியது. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற நிலை இருந்தால் செய்திகளை இடைமறிக்கலாம் என்றது அப்பிரிவு. எப்படி, யார், எவ்வளவு காலம் என்பதற்கு விதிகளே இல்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்தான் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. உள்துறைச் செயலாளர் ஆணையிட வேண்டும். ஆணை இரண்டு மாதங்களுக்கே செல்லும். நீட்டித்தாலும் ஆறு மாதங்களைத் தாண்டக்கூடாது. ஆணைகளை ஒரு மறுஆய்வுக் குழு பரிசீலிக்க வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. முன்கூட்டியே நீதித்துறையின் அனுமதி பெற வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த நெறிகளை விதிகளாக்கவும் மத்திய அரசு 2007 வரை எடுத்துக்கொண்டது.

அந்த மறுஆய்வுக் குழுவில் இடம்பெறுவோர் யார்? மத்தியில் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் சட்டத் துறை, தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர்கள். மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையில் அவருக்குக் கீழுள்ள செயலாளர்கள். ஒரு செயலாளர் பிறப்பித்த ஆணையை மற்ற செயலாளர்கள் பரிசீலிக்கிறார்கள். நீதிபதி இல்லை, மக்கள் பிரதிநிதி இல்லை, அரசுக்கு வெளியேயிருந்து ஒருவர்கூட இல்லை.

அந்தப் பரிசீலனையும் எந்த அழகில் நடக்கிறது என்பதை, மத்திய அரசே நியமித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அளித்த அறிக்கையில் பார்க்கலாம். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது என்று அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது. குழு உறுப்பினர்கள் எழுந்திருக்காமல் எட்டு மணி நேரம் அமர்ந்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு வினாடிகூடக் கிடைக்காது. பெயரைப் படித்து முடிக்கவே போதாத நேரத்தில், ஆணைக்கான காரணம் சரிதானா என்று எவ்வாறு ஆராய முடியும்?

ஆணைகளின் எண்ணிக்கை பெருகியபோது தொழில்நுட்பமும் தடைகளை அகற்றிவந்தது. முன்பெல்லாம் தொலைபேசி நிறுவனத்திடம் ஆணையைக் காட்டி, அதன் ஊழியரைக் கொண்டே இணைப்பில் கைவைக்க வேண்டும். ஆணையில் பிழை இருந்தால் கேட்க அங்கே ஒருவர் இருந்தார். மத்தியக் கண்காணிப்பு முறை என்ற ஏற்பாடு வந்தபிறகு அந்த இடைநிலை மனிதருக்கும் வேலையில்லை. 2018 டிசம்பர் 20-ஆம் தேதி உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஆணை, உளவுத் துறை முதல் தில்லி காவல் ஆணையர் வரை பத்து அமைப்புகளின் பெயர்களைக் குறிப்பிட்டு, கணினிகளில் உள்ள தகவல்களை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் அதிகாரம் அளித்தது. 2009-ஆம் ஆண்டு விதிகளின்படியே செய்ததாக அரசு விளக்கம் தந்தது. ஆனால் இடையில், 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தனர். அந்த உரிமையில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டத்தின் அடிப்படை இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு நோக்கத்தின் அளவை மீறக்கூடாது என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. பழைய விதிகளை அந்த அளவுகோலால் அளந்து பார்க்க எவரும் முன்வரவில்லை.

2021 ஜூலையில் பெகாசஸ் விவகாரம் வெடித்தபோது இந்தக் குறைகள் அனைத்தும் ஒருசேர வெளிப்பட்டன. இஸ்ரேலைச் சேர்ந்த என்எஸ்ஓ நிறுவனம், அரசுகளுக்கு மட்டுமே விற்பதாகக் கூறும் வேவு மென்பொருள் அது. எதிர்க்கட்சித் தலைவர்கள், பத்திரிகையாளர்கள், அமைச்சர்கள் எனப் பலரது எண்கள் உத்தேச இலக்குகளின் பட்டியலில் இருப்பதாகச் செய்திகள் வந்தன. மழைக்காலக் கூட்டத்தொடரின் முதல் நாளான ஜூலை 19-ஆம் தேதி தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், சட்டவிரோதக் கண்காணிப்புக்கு நமது முறையில் இடமில்லை என்று மக்களவையில் அறிவித்தார். மாநிலங்களவையில் திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் அமைச்சரின் அறிக்கையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். என்எஸ்ஓ நிறுவனத்துடன் தனக்குக் கொடுக்கல் வாங்கல் ஏதும் இல்லை என்று பாதுகாப்பு அமைச்சகம் மட்டும் எழுத்துமூலம் பதிலளித்தது. அரசின் வேறு எந்த அமைப்பேனும் அதை வாங்கியதா என்ற நேரடிக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வரவில்லை. அக்கூட்டத்தொடரில் மக்களவை தனக்கு உரிய நேரத்தில் 22 சதவீதமும், மாநிலங்களவை 28 சதவீதமும் மட்டுமே இயங்கின. கூச்சல் இருந்தது, விவாதம் நடக்கவில்லை.

நாடாளுமன்றம் செய்யத் தவறியதைக் கொல்கத்தா செய்ய முற்பட்டது. மம்தா பானர்ஜி தலைமையிலான அரசு, 2021 ஜூலை 26-ஆம் தேதி, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி மதன் லோகுர், ஓய்வுபெற்ற நீதிபதி ஜோதிர்மய் பட்டாச்சார்யா ஆகியோரைக் கொண்ட விசாரணை ஆணையத்தை அமைத்தது. டிசம்பரில் அதன் விசாரணைக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு முன்பே, அக்டோபர் 27-ஆம் தேதி, முன்னாள் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் உச்ச நீதிமன்றம் ஒரு தொழில்நுட்பக் குழுவை நியமித்திருந்தது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்னாலே அரசுக்கு விலக்கு கிடைத்துவிடாது என்றும் அப்போது நீதிமன்றம் கூறியது. 2022 ஆகஸ்டில் அக்குழுவின் முடிவு தெரிந்தது. சோதித்த 29 கைப்பேசிகளில் ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகக் கூற முடியவில்லை. அரசு விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை. 2025 ஏப்ரலில், நாடு வேவு மென்பொருளை வைத்திருப்பதில் தவறில்லை, யார் மீது பயன்படுத்தப்பட்டது என்பதே கேள்வி என்ற கருத்து அதே நீதிமன்றத்தில் எழுந்தது. கருத்து சரியானதே. அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடியது அரசு ஒன்றுதான். அது வாய் திறக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. 2019-இல் சுமார் 1,400 பேரின் கருவிகள் தாக்கப்பட்டதற்காக வாட்ஸ்ஆப் தொடுத்த வழக்கில், கலிபோர்னியா நீதிமன்றம் 2024 டிசம்பரில் என்எஸ்ஓ நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. பின்னர் வாட்ஸ்ஆப்பைத் தாக்கக்கூடாது என நிரந்தரத் தடையும் விதித்தது. ஒரு தனியார் நிறுவனம் வேறொரு நாட்டில் பெற்ற நீதியை, இந்தியக் குடிமகன் தன் நாட்டில் பெற இயலவில்லை.

இது மத்தியில் ஆளும் ஒரு கட்சியின் குற்றம் மட்டும் என்று எண்ணிவிடலாகாது. தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் அதிகாரம் மாநில உள்துறைச் செயலாளர்களுக்கும் உண்டு. பெகாசஸை 25 கோடி ரூபாய்க்குத் தருவதாக மாநிலக் காவல் துறையை அணுகினார்கள், நான் மறுத்துவிட்டேன் என்று மம்தா பானர்ஜி 2022 மார்ச்சில் கூறினார். முதலமைச்சர் மறுத்ததால் வாங்கப்படவில்லை என்றால், அவர் சம்மதித்திருந்தால் வாங்கப்பட்டிருக்கும் என்றுதானே பொருள்? குடிமகனின் அந்தரங்கம் ஆட்சியாளரின் நற்குணத்தை நம்பி இருக்கலாமா? 1988-இல் கர்நாடக முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்புப் புகாரால் பதவி விலகினார். 1991-இல் ராஜீவ் காந்தி இல்லத்தின் அருகே ஹரியாணா காவலர்கள் வேவு பார்த்ததாக எழுந்த சர்ச்சையில் பிரதமர் சந்திரசேகர் பதவி விலகினார். எதிர்க்கட்சியாக இருக்கும்போது கொதித்தெழும் கட்சிகள், ஆளுங்கட்சியானதும் அதே கருவியைக் கைமாற்றிக்கொள்கின்றன. அதனால்தான் முறையை மாற்றும் சட்டம் மட்டும் எவராலும் கொண்டுவரப்படவில்லை.

புதிய சட்டங்கள் வந்தன என்பது உண்மை. அவை வந்த விதத்தைப் பாருங்கள். 2023 டிசம்பரில், அவைப் பாதுகாப்பு மீறல் குறித்து விளக்கம் கேட்டதற்காக இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். ஒரே நாளில் 78 பேர் வெளியேற்றப்பட்ட டிசம்பர் 18-ஆம் தேதிதான் மக்களவையில் அஞ்சலக மசோதா நிறைவேறியது. அடுத்த மூன்று நாள்களில் தொலைத்தொடர்பு மசோதா இரு அவைகளையும் கடந்தது. ஜெயில் சிங்கும் வெங்கட்ராமனும் தடுத்து நிறுத்திய அதிகாரம், நெருக்கடி என்ற வரையறுக்கப்படாத ஒரு சொல்லுடன் அஞ்சலகச் சட்டத்தில் மீண்டும் இடம்பிடித்தது. தந்திச் சட்டத்தின் ஒட்டுக்கேட்பு அதிகாரம் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. 2024 டிசம்பரில் வந்த விதிகளிலும் அதே செயலாளர்கள், அதே மறுஆய்வுக் குழு. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தேசப் பாதுகாப்பு முதலான காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் முழு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு இடம் தருகிறது.

நீதிமன்றங்களால் இதைச் சரிசெய்ய இயலாதா? ஓரளவு இயலும். 2011-இல் ஒரு லஞ்ச வழக்கு தொடர்பாக நிறுவன நிர்வாகி ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணையை, 2025 ஜூலை 2-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாத இடத்தில், குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் ஒட்டுக்கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்பது அவரது தீர்ப்பு. பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவே இல்லை என்பதும் அவ்வழக்கில் வெளியானது. ஆனால் அதற்குச் சில நாள்கள் முன்புதான், பெரும் ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்ற நோக்கில் தில்லி உயர் நீதிமன்றம் ஒட்டுக்கேட்பை ஏற்றுக்கொண்டிருந்தது. ஒரே சட்டத்துக்குச் சென்னையில் ஒரு பொருள், தில்லியில் வேறு பொருள். சென்னைத் தீர்ப்பு வர 14 ஆண்டுகள் ஆயின என்பதையும் கவனிக்க வேண்டும். வழக்கு என்று ஒன்று வந்ததால்தான் அவருக்குத் தன் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது தெரிந்தது. வழக்கே வராதவர்களுக்கு எதுவும் தெரியப் போவதில்லை.

மற்ற ஜனநாயக நாடுகள் குறையற்றவை அல்ல. 2013-இல் எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்கள், அமெரிக்காவே கோடிக்கணக்கானோரின் தொலைபேசி விவரங்களைத் திரட்டியதை அம்பலப்படுத்தின. ஆயினும் அங்கே 1978 முதல் உளவு அனுமதிக்கென ஒரு தனி நீதிமன்றம் இருக்கிறது. நாடாளுமன்றக் குழுக்கள் இருக்கின்றன. 2015-இல் சட்டம் திருத்தப்பட்டு அந்த மொத்தத் திரட்டல் நிறுத்தப்பட்டது. பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமைச்சர் கையெழுத்திட்ட ஆணை நீதித்துறை ஆணையர் ஒருவரின் ஒப்புதலுக்குப் பிறகே செல்லுபடியாகும். எத்தனை ஆணைகள் என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளியாகிறது. அதனால் பிரிட்டனின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை.

நீதிபதியிடம் போனால் தாமதமாகும், இரகசியம் கசியும் என்பது அதிகாரிகளின் வாதம். அவசர வேளையில் காவல் துறைத் தலைவர் நிலையிலான அதிகாரியே ஆணையிட்டு, ஏழு வேலை நாள்களுக்குள் உறுதிப்படுத்திக்கொள்ள இப்போதைய விதிகளே இடமளிக்கின்றன. அந்த உறுதிப்பாட்டை நீதிபதி ஒருவர் தருவதில் என்ன தாமதம்? வீட்டைச் சோதனையிட வாரன்ட் தரும் நீதிபதியை நம்பும் நாடு, தொலைபேசிக்கு மட்டும் ஏன் நம்பக்கூடாது?

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒட்டுக்கேட்பு ஆணைக்கு நீதித்துறையின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். எத்தனை ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன, எத்தனை நிராகரிக்கப்பட்டன என்ற எண்ணிக்கை, பெயர் விவரமின்றி, ஆண்டுதோறும் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். ஜெர்மனியில் உள்ளதுபோல், கண்காணிப்பு முடிந்து ஆபத்தும் நீங்கியபின் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். 1887-இல் தோன்றிய உளவுத் துறைக்கும், 1968-இல் தோன்றிய ரா அமைப்புக்கும் இன்றுவரை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஏதும் அடிப்படையாக இல்லை. அவற்றைச் சட்டத்தின் கீழும் நாடாளுமன்ற மேற்பார்வையின் கீழும் கொண்டுவர மக்களவை உறுப்பினர் மணீஷ் திவாரி 2011-இல் தனிநபர் மசோதா அறிமுகப்படுத்தினார். அதைத் தூசு தட்டி எடுக்க எந்த அரசுக்கும் மனமில்லை.

மனம் வந்தால் நாடாளுமன்றத்தால் முடியும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. புதிய கைப்பேசிகள் அனைத்திலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே பதித்துத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28-ஆம் தேதி உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய அந்த வாரத்திலேயே அவைக்கு உள்ளும் வெளியும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 3-ஆம் தேதி உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு செயலிக்குக் காட்டிய அக்கறையை, ஒவ்வொரு கூட்டத்திலும் பதினைந்தாயிரம் ஆணைகள் இரண்டு வினாடிப் பார்வையில் கடந்துபோகும் முறைக்கும் உறுப்பினர்கள் காட்ட வேண்டும். நேதாஜியின் குடும்பத்தினருக்கு நேர்ந்தது கரியாஹாட்டின் நடைபாதை வியாபாரிக்கும், மயிலாப்பூர் மாணவனுக்கும் நேராமல் காக்கும் பொறுப்பு அவர்களுடையது. அடுத்த கூட்டத்தொடரில் ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, இதற்கென ஒரு மசோதாவுடன் எழுந்து நிற்கும் முதல் உறுப்பினரின் பின்னால் மற்றவர்களும் நிற்கட்டும்.